முதல் நூறு பேர் எங்கிருந்து வருகிறார்கள்?

மட்டக்களப்பில் நான்கு பேர் சேர்ந்து ஒரு செயலியை வெளியிட்டால் முதல் நாள் எப்படியும் கலகலப்பாக இருக்கும். சித்தப்பாவின் மகன், பாடசாலைக் கூட்டாளிகள், ரியூஷனில் ஒன்றாக இருந்தவர்கள், கட்டாரில் வேலை செய்யும் மாமா என எல்லாரும் போனில் இறக்கிக்கொள்வார்கள். ஐந்து நட்சத்திரங்கள் குவியும். பேஸ்புக் முழுக்க "வாழ்த்துகள் தம்பி" என்று நிறையும். இரண்டு கிழமை கழித்து உள்ளே போய்ப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார். விளம்பரத்துக்குக் காசு போதவில்லை, எங்கட சனம் இன்னும் இதற்கெல்லாம் பழகவில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டு குழு கலையும், இல்லாவிட்டால் கொழும்புக்குப் போகும்.

சனத்தின் மீது பழி போடுவது சுலபம். ஆனால் அதே சனம் எவரும் வகுப்பு வைக்காமலே வாட்ஸ்அப் பழகிக்கொண்டது. எழுத்துக் கூட்டத் தெரியாத ஆச்சியும் குரல்பதிவு அனுப்புகிறார். முதல் நாள் வந்தவர்கள் அந்த நான்கு பேரின் முகத்துக்காக வந்தார்கள். அந்தச் செயலியால் நடக்கும் வேலை அவர்களில் யாருக்கும் தேவைப்படவில்லை. தேவைப்படுகிற ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடும் வேலை அப்படியே மிஞ்சிக் கிடக்கிறது. கையில் காசு குறைந்த ஸ்டார்ட்அப்புக்கு, அதாவது புதிதாகத் தொடங்கும் நிறுவனத்துக்கு, முதல் சில மாதங்களில் இதைவிடப் பெரிய வேலை கிடையாது. அதற்குக் காசைவிட நேரமும் காலும்தான் அதிகம் செலவாகும்.

சரி, விளம்பரம் போட்டால் வரமாட்டார்களா? வருவார்கள், ஆனால் என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி. கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் ட்ரொப்பொக்ஸ் நிறுவனம் தொடக்கத்தில் கூகுள் விளம்பரங்களை முயன்று பார்த்தது. ஆண்டுக்கு 99 டொலர் கட்டணம் உள்ள சேவைக்கு ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 233 முதல் 388 டொலர் வரை செலவானதாக நிறுவனர் ட்ரூ ஹூஸ்டன் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். முதலீட்டாளர் பின்னால் நின்ற அமெரிக்க நிறுவனத்துக்கே கட்டுப்படியாகாத கணக்கு அது. நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காசு கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டும் பேஸ்புக் பூஸ்ட்டின் அடக்கவிலை டொலரில், நமது வருமானம் ரூபாயில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர், மே மாதத்தில் 360 வரை போனது. அதே விளம்பரத்துக்கு இரண்டே மாதத்தில் ஏறக்குறைய இரட்டிப்புக் காசு.

விலையை விட்டுவிட்டாலும் விளம்பரத்தில் வேறொரு குறை இருக்கிறது. அது ஆட்களைச் சிதறலாகக் கொண்டுவருகிறது. வாழைச்சேனையில் ஒருவர், பொத்துவிலில் ஒருவர், களுவாஞ்சிக்குடியில் இருவர். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை என்றால் இந்த நால்வருக்கும் ஒரே மாலையில் சோறு கொடுத்து முடிப்பதற்குள் பெற்றோல் காசு லாபத்தை விழுங்கிவிடும். ஒருவர் பயன்படுத்துவதை மற்றவர் பார்க்கவும் வழியில்லை, ஆகவே பேச்சும் பரவாது. முதல் நூறு பேர் ஒருவர் கண்ணில் ஒருவர் படும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இன்று உலகம் முழுக்கப் பரந்து கிடக்கும் நிறுவனங்கள் பல அப்படி ஒரு சின்ன இடத்தில்தான் தொடங்கின. பேஸ்புக் 2004 பெப்ரவரி 4 அன்று ஹார்வர்ட் மாணவர்களுக்கு மட்டும் திறக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் அங்கு இளநிலை படிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சேர்ந்துவிட்டார்கள். வெளியாள் உள்ளே வர முடியாது என்பதே அப்போது அதன் பலமாக இருந்தது, தேடுகிற எந்த முகமும் அங்கே கிடைத்தது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் டோர்டாஷ் நிறுவனம் 2013 ஜனவரியில் ஒரு பின்னேரத்தில் கட்டிய எளிய இணையப் பக்கமாகத் தொடங்கியது. ஸ்டான்போர்ட் மாணவர்கள் சிலர் பக்கத்து ஊரான பாலோ ஆல்ட்டோவின் சில உணவகங்களுடைய மெனுவை எடுத்துப் போட்டு, கீழே ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார்கள். அழைப்பு வந்ததும் அவர்களே காரை எடுத்துக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்தார்கள். செயலி, வழி காட்டும் வரைபடம், ஓட்டுநர் படை எல்லாம் அப்புறம் வந்தவை.

இதை மட்டக்களப்பில் வைத்துப் பார்ப்போம். உணவுச் சேவை தொடங்க நினைப்பவர் பொதுவாக "மாநகரம் முழுவதும்" என்று நோட்டீஸ் அடிப்பார். போதனா வைத்தியசாலையை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன? இரவுக் கடமையில் இருக்கும் தாதியர், நோயாளிக்குத் துணையாக நிற்கும் உறவினர், தூர ஊரிலிருந்து வந்து திரும்ப பஸ் இல்லாதவர். கட்டிலை விட்டு நகர முடியாதவருக்கு இரவு ஒன்பது மணிக்கு இடியப்பப் பார்சல் கிடைப்பது சின்னக் காரியம் இல்லை. ஒரே வளாகம், கிட்டவே இருக்கும் மூன்று நான்கு சாப்பாட்டுக் கடைகள், ஒரு வாட்ஸ்அப் இலக்கம், ஒரு சைக்கிள். இந்தச் சோதனைக்குச் செயலியே தேவையில்லை. ஒரு மாதம் ஓடிப் பார்த்தால் எந்த நேரத்தில் கேட்கிறார்கள், எதற்குக் காசு கொடுக்கிறார்கள், எது திரும்பி வருகிறது என்பதெல்லாம் கொப்பியில் இருக்கும். செயலியை அதற்குப் பிறகு கட்டினால் அது வேறு மாதிரியான செயலியாக இருக்கும்.

எந்தக் கிழமையில் கதவைத் தட்டுவது

இடத்தைப் போலவே காலமும் முக்கியம். நமது ஆட்கள் இதை ஏனோ குறைவாகவே யோசிக்கிறார்கள். வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவும் எயார்பிஎன்பி தளம் 2007இல் தொடங்கிய கதை பலருக்கும் தெரியும். சான் பிரான்சிஸ்கோவில் வடிவமைப்பாளர் மாநாடு ஒன்று நடந்தபோது ஹோட்டல்கள் நிரம்பி வழிந்தன. வாடகை கட்டத் திணறிய இரண்டு இளைஞர்கள் தங்கள் வீட்டுத் தரையில் காற்று மெத்தை போட்டு மூன்று பேரைத் தங்க வைத்தார்கள். அடுத்த ஆண்டு டென்வர் நகரில் ஜனநாயகக் கட்சி மாநாடு. அங்கும் அறைத் தட்டுப்பாடு, அங்கும் போனார்கள். அந்நிய வீட்டில் தங்குவதா என்று தயங்கும் மனிதன், வேறு வழியே இல்லாத இரவில் தயங்க மாட்டான். தட்டுப்பாடு தயக்கத்தைக் குறைக்கிறது, விளம்பரச் செலவையும் குறைக்கிறது. (மாநாடு முடிந்ததும் அவர்களது தளம் மறுபடி வெறிச்சோடியது. அந்த ஆண்டின் ஜனாதிபதி வேட்பாளர்களான ஒபாமா, மெக்கெய்ன் பெயர்களில் தானிய உணவுப் பெட்டிகளை ஒன்று 40 டொலருக்கு விற்று, 30,000 டொலரளவில் சேர்த்துத்தான் தாக்குப்பிடித்தார்கள். கூட்டம் வந்த கிழமை ஒன்று, கூட்டம் தங்குவது வேறொன்று.)

கிழக்கில் இப்படியான கிழமைகளுக்குப் பஞ்சமில்லை. ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கேஸ்வரர் ஆலயத் திருவிழா. அறுகம்பேயில் சித்திரை, வைகாசி தொடங்கி ஐப்பசி வரை அலைச்சறுக்குக் காலம். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் புதிய மாணவர் வந்து சேரும் நாட்கள்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விரிப்போம். விடுதி கிடைக்காத மாணவர்கள் போர்டிங் தேடுகிறார்கள். இதற்கு ஒரு தளம் கட்டலாம் என்ற யோசனை பலருக்கு வந்திருக்கும். கட்டிவிட்டு வீட்டுக்காரர்கள் தாங்களாகவே வந்து பதிவார்கள் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். எயார்பிஎன்பி நிறுவனர்கள் 2009இல் நியூயோர்க்குக்குப் போய் வீடு வீடாக ஏறி இறங்கி, கமராவில் அறைகளைத் தாங்களே படம் பிடித்துப் போட்டார்கள். ஒலுவிலிலும் அதைச் செய்ய முடியும். புதிய ஆண்டு தொடங்குமுன் அறை அறையாகப் போய்ப் படம் எடுக்கலாம். கிணறா குழாய்த் தண்ணீரா, கழிவறை உள்ளேயா வெளியேயா, சமைக்க விடுவார்களா, பல்கலைக்கழக வாசலுக்கு நடந்து போக எவ்வளவு நேரம், பெண்பிள்ளைகள் என்றால் இரவு எத்தனை மணிக்குக் கேற் பூட்டுவார்கள் என்று எழுதிப் போடலாம். கேற் பூட்டும் நேரத்தைக் கேட்கப் போவது மாணவி இல்லை, ஹட்டனிலோ கிளிநொச்சியிலோ இருக்கும் அவளது தாய். அறையை முடிவு செய்பவர் அவர் என்று தெரிந்துகொண்டால் தளத்தின் முதல் பக்கத்தில் என்ன வரவேண்டும் என்பதும் மாறிவிடும்.

கூட இருந்து ஏற்றிக் கொடுப்பது

இணையத்தில் காசு வாங்கும் வசதி தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் தொடக்க நாட்களைப் பற்றி, ஸ்டார்ட்அப்களில் முதலிடும் போல் கிரகாம் 2013இல் எழுதினார். யாராவது "முயன்று பார்க்கிறோம்" என்றால் மற்ற நிறுவனர்கள் இணைப்பை அனுப்பி வைப்பார்களாம். ஸ்ட்ரைப்பின் கொலிசன் சகோதரர்கள் "உங்கள் மடிக்கணினியைத் தாருங்கள்" என்று வாங்கி அங்கேயே ஏற்றிக் கொடுப்பார்களாம். புதிய தொழில்காரர்கள் இதைச் செய்யாமல் ஒளிந்துகொள்வதற்கு வெட்கமும் சோம்பலும் காரணம் என்பது கிரகாமின் கருத்து. நமது ஊரில் வெட்கம் இன்னும் கொஞ்சம் கூடுதல் என்று சேர்த்துக்கொள்ளலாம். பட்டம் முடித்த பிள்ளை கடை கடையாக ஏறுவதைப் பார்த்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கவலை வீட்டிலிருந்தே தொடங்குகிறது.

காத்தான்குடிப் பிரதான வீதியில் இருக்கும் புடைவைக் கடைகளுக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் கொடுத்தால் வாங்கி மேசையில் வைப்பார்கள். பெருநாளுக்கு முந்திய நாட்களில் போனால் முகம் கொடுத்துப் பேசவே நேரம் இருக்காது. வெள்ளி நடுப்பகல் வேலைக்காகாது. கூட்டம் ஓய்ந்த ஒரு நேரத்தில் போய், "தாங்க நானா, உங்கட போனைக் காட்டுங்க" என்று கேட்டு, பத்துப் பொருளை அவர் முன்னாலேயே பதிந்து, முதல் பில்லையும் போட்டுக் காட்ட வேண்டும். மறுநாளும் போய் நிற்க வேண்டும். அப்படிப் போகிறவருக்கு, கடன் கொப்பியைக் கடைக்காரர் ஏன் கைவிட மாட்டார் என்பதும் தெரிய வரும். கடன் வாங்கியவரின் பெயரை எவரும் பார்க்கக்கூடாது. யாரிடம் எவ்வளவு நிலுவை என்பது கடையின் இரகசியம், அதைக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள ஒரு கணினியில் வைக்க அவர் விரும்ப மாட்டார். இது கேள்விக்கொத்தில் வரும் பதில் இல்லை, காசாளர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது.

இந்தியாவிலும் இதே கதைதான். இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கிய பிளிப்கார்ட் நிறுவனர்கள் பெங்களூரில் புத்தகக் கடை வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களுக்கு, படித்த பக்கத்தில் வைக்கும் புக்மார்க் அட்டை கொடுத்தார்கள். புத்தகத்துக்குக் காசு செலவழிக்கிறவர் என்று ஏற்கெனவே நிரூபித்த ஆளை வாசலிலேயே பிடித்த புத்தி அது. உணவகங்களைத் தேட உதவிய சொமாட்டோ, அதன் நிறுவனர்கள் 2008இல் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மெனுக்களை ஸ்கான் செய்து கூட வேலை செய்தவர்களுக்குப் போட்டதிலிருந்து வளர்ந்தது.

பொறுப்புச் சொல்லும் ஆள்

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். கிழக்குக்கென்று ஒரு விசயம் இருக்கிறது. இங்கே சேவையை நம்புவதற்கு முன் ஆளை நம்புகிறார்கள். அந்த ஆள் பெரும்பாலும் ஸ்டார்ட்அப் காரர் இல்லை.

நெல் வெட்டும் இயந்திரத்தை விவசாயியுடன் இணைக்கும் சேவை ஒன்றை நினைத்துப் பாருங்கள். அறுவடைக்கு வேறு மாவட்டங்களிலிருந்தும் இயந்திரங்கள் வருகின்றன. எது எப்போது எந்த வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, வரும் என்பது தரகர்களின் கையில் இருக்கிறது. மழை மேகம் தெரிந்தால் எல்லாருக்கும் ஒரே நாளில் இயந்திரம் வேண்டும். இரு பக்கமும் ஆள் தேவைப்படும் இப்படியான தொழிலில் எந்தப் பக்கத்தை முதலில் சேர்ப்பது என்பது பழைய கேள்வி. அரிதான பக்கத்தை என்பதே பெரும்பாலும் சரியான பதில். இயந்திரம் கையில் இருந்தால் விவசாயி வருவார், விவசாயிகளின் பட்டியல் மட்டும் இருந்தால் அது வெறும் பட்டியல்.

அந்த விவசாயிகளிடம் எப்படிப் போவது? சம்மாந்துறையிலோ படுவான்கரையிலோ ஒவ்வொரு விவசாயியாகத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு வட்டைக்கும் அதன் காரியங்களைப் பார்க்கும் வட்டவிதானை ஒருவர் இருக்கிறார். யாருடைய வயல் எப்போது விளையும், எந்த வழியால் இயந்திரம் இறங்கும், யார் சொன்னால் யார் கேட்பார் என்பது அவருக்குத் தெரியும். அவர் ஒரு சொல் சொன்னால் ஒரு வட்டையே சேரும். அதனாலேயே இது ஆபத்தான வழியும்கூட. சொன்ன நாளில் இயந்திரம் வராவிட்டால் விவசாயி உங்கள் இலக்கத்துக்கு எடுத்துத் திட்டமாட்டார், வட்டவிதானையின் வீட்டு வாசலில் போய் நிற்பார். அவருடைய பெயர் கெட்டால் அந்தப் போகம் மட்டுமில்லை, அடுத்த போகமும் அந்தக் கதவு திறக்காது. ஆகவே குறைந்த காசை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டால், பூஸ்ட்டுக்கு ஒதுக்கியதை எடுத்து, இயந்திரம் தவறினால் மாற்று இயந்திரம் பிடித்துக் கொடுக்கும் செலவுக்கு வைக்கச் சொல்வேன். அந்தச் செலவு ஒரு தடவை ஊரறிய நடந்தால் அடுத்த வட்டையிலிருந்து கேட்டுக்கொண்டு வருவார்கள்.

ரியூஷன் ஆசிரியர், பாமசிக்காரர், மாதர் சங்கத் தலைவி, ஓட்டோ நிற்பிடத்தின் மூத்தவர், மருதமுனையில் பல தறிகளை வைத்து நெய்விப்பவர் என்று ஒவ்வொரு துறையிலும் இப்படிப் பொறுப்புச் சொல்லும் ஓர் ஆள் உண்டு. அவருக்குக் கொமிஷன் கொடுப்பதா என்பது நுணுக்கமான கேள்வி. கொடுத்தால் அவர் சொல்லுக்கு மதிப்புக் குறையலாம், கொடுக்காவிட்டால் அவர் நேரத்துக்கு மரியாதை இல்லை. அவருக்கே சேவையை இலவசமாகவும் ஒழுங்காகவும் கொடுப்பது பல இடங்களில் இரண்டுக்கும் நடுவான வழி.

காசு கொடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர் என்ற நிலையும் இங்கே அதிகம். மத்திய கிழக்கிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகள், இங்கே தாய் தகப்பன். அம்மாவுக்கு மாதாந்த மருந்து, தங்கச்சியின் பிறந்தநாள் கேக், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் படம். இப்படியான சேவைகளுக்கு முதல் வாடிக்கையாளர் தோகாவில் இருக்கிறார், ஆனால் அவரிடம் போகும் வழி களுவாஞ்சிக்குடி வீட்டுக் குசினி வழியாகப் போகிறது. மருந்தைக் கொடுத்துவிட்டு அம்மாவின் சிரித்த முகத்தை அவர் சம்மதத்தோடு படம் எடுத்து மகனுக்கு அனுப்பினால், அந்தப் படம் அன்றிரவே அவரது அறைக் கூட்டாளிகளின் போனுக்கும் போகும். இதற்கு இணையான விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

ஒருவர் மற்றவரை அழைத்து வரச் செய்வது இணையத்துக்குப் பழைய உத்தி. ஹொட்மெயில் 1996இல் தொடங்கி, போகும் ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் இலவசக் கணக்குக்கான ஒரு வரி அழைப்பை வைத்தது. ஒன்றரை வருடத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ட்ரொப்பொக்ஸ், அழைத்தவருக்கும் வந்தவருக்கும் கூடுதல் சேமிப்பு இடம் கொடுத்தது. அந்தச் சேவை வேண்டாதவனுக்கு அந்தப் பரிசாலும் பயனில்லை என்பதில் அதன் சூட்சுமம் இருக்கிறது. இணையத்தில் காசு அனுப்பும் சேவையான பேபால் ரொக்கமாகவே 10 டொலர் கொடுத்தது, அதற்கேற்ற முதலீடு அதன் கையில் இருந்தது. நமது ஊரில் ஒரு ஸ்டார்ட்அப் 100 ரூபாய் ரீலோட் பரிசு அறிவித்தால் என்ன நடக்கும் என்று எவருக்கும் தெரியும். இரண்டு சிம் போடும் போன், வீட்டில் நான்கு போன், ஒரே ஆள் எட்டுத் தடவை வருவார்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். உலகத்துக்கு விற்கும் மென்பொருளைக் கல்லடியில் இருந்து எழுதுபவருக்கு வட்டவிதானையும் தேவையில்லை, காத்தான்குடி வீதியும் தேவையில்லை. வாடிக்கையாளர் முறைப்பாடுகளைக் கவனிக்க உதவும் மென்பொருளோடு சென்னையில் தொடங்கிய பிரெஷ்டெஸ்க்கின் முதல் வாடிக்கையாளர் 2011இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தார். போட்டி நிறுவனமொன்று விலையை ஏற்றியதைப் பற்றிய இணையப் பேச்சைப் படித்தபோதுதான் அதன் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதத்துக்கு அந்தத் தொழிலைத் தொடங்கும் யோசனையே வந்தது. கோபமாக இருக்கும் வாடிக்கையாளர்கள் எங்கே கூடிப் பேசுகிறார்கள் என்று தேடுவது அப்படியான தொழிலுக்கு வீதி ஏறி இறங்குவதற்குச் சமம்.

"நல்லாயிருக்கு தம்பி"

கடைசிச் சிக்கல், வந்தவர் உண்மையான பயனரா என்று கண்டுபிடிப்பது. ட்ரொப்பொக்ஸின் தொடக்க காலத்தில் வேலை செய்த ஷோன் எலிஸ் ஒரு கேள்வியைப் பிரபலப்படுத்தினார். நாளையிலிருந்து இந்தச் சேவை இல்லை என்றால் எப்படி உணர்வீர்கள்? 40 வீதத்துக்கு மேல் "மிகவும் ஏமாற்றமாக இருக்கும்" என்றால் தொழில் தேறும் என்பது அவரது அளவுகோல். இதை அப்படியே இங்கே கேட்டால் 40 இல்லை, 90 வீதமே வரும். ஏனென்றால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எங்கட ஆட்களுக்கு வராது. "நல்லாயிருக்கு தம்பி, செய்யுங்க" என்பது ஆசீர்வாதம், அதைக் கருத்துக்கணிப்பில் சேர்க்கக் கூடாது.

அதனால் வாயைக் கேட்காமல் கையைப் பார்க்க வேண்டும். சின்னத் தொகையாவது விலை வைத்துப் பாருங்கள். சொந்தக்காரருக்கும் அதே விலைதான். முகத்துக்காக வந்தவர்கள் அந்த இடத்தில் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள், மனவருத்தமும் இல்லை. மருந்து போல நிறுத்தக்கூடாத சேவை இல்லையென்றால் ஒரு நாள் சேவையை நிறுத்திவிட்டு யார் அழைத்துக் கேட்கிறார் என்று கவனிக்கலாம். பொருள் கையில் கிடைத்ததும் காசு என்ற முறையில் விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஓர்டர் எண்ணிக்கை அங்கே ஒன்றும் சொல்லாது. வாசலில் வாங்க மறுத்துத் திரும்பியவற்றைக் கழித்து, இரண்டாம் தடவை வாங்கியவர்களை மட்டும் எண்ணினால் வரும் சின்ன இலக்கம்தான் அந்தக் கடையின் உண்மை நிலவரம்.

அடுத்ததாக எந்த ஊருக்குப் போவது என்பதையும் ஓர்டர் எழுதும் அந்தக் கொப்பியே காட்டும். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை கரையோர வீதியில் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. காத்தான்குடிக் கடைக்காரரின் மச்சினன் சாய்ந்தமருதில் கடை வைத்திருப்பார், ஆரையம்பதிப் பெண் கல்முனை வைத்தியசாலையில் வேலை செய்வார். நீங்கள் அழைக்காமலே, எவருக்கும் உறவில்லாத ஒருவர், வேறோர் ஊரிலிருந்து இலக்கம் கேட்டு எடுத்திருந்தால் அந்த ஊரின் பெயரை வட்டமிட்டு வையுங்கள். அப்படி மூன்று நான்கு அழைப்புகள் ஒரே ஊரிலிருந்து வந்த பிறகு அங்கே போய் முதலில் பார்க்க வேண்டியது, அந்த இலக்கத்தை அவர்களுக்குக் கொடுத்த ஆளை.